வாடகை ‘ஸ்திரீபார்ட் செட்’: எதை எடுக்கலாம், எதைத் தைத்துக்கொள்ள வேண்டும்

நாடக டிரஸ் வாடகைக்கு விடும் கடைகளில் ‘பழைய ஸ்திரீபார்ட் செட்’, அதாவது ஆண்கள் கட்டும் பெண் வேஷத்துக்கான செட், என்று கேட்டால் ஏறக்குறைய ஒரே மூட்டைதான் வெளியே வருகிறது. ஜரிகைக் கரை போட்ட ஆறு கஜப் புடவை, குட்டைக் கை ரவிக்கை, பாவாடை, நுரை வைத்த மார்க்கச்சு, இடுப்புக்கு இரண்டு நுரைத் துண்டுகள், பின்னிய சவுரி அல்லது முழு விக், நெற்றிச்சுட்டியிலிருந்து கொலுசு வரை இமிடேஷன் நகை, கூடவே ஒரு மேக்கப் பெட்டி. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை அந்தக் காலத்து முறையிலேயே, ஆண்களே பெண் வேஷம் கட்டி மேடையேற்ற நினைக்கும் குழுக்கள் இந்த மூட்டையை நம்பித்தான் இறங்குகின்றன. அவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். நகைக்காக இந்த செட்டை எடுப்பதில் தவறில்லை. புடவையை மாற்றிக் கேட்டு வாங்க வேண்டும். விக்கை எடுப்பதானால் வேலை செய்து எடுக்க வேண்டும். ரவிக்கை, இடுப்பு நுரை, மேக்கப் பெட்டி மூன்றும் வேண்டாம். கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

ஏன் என்றால், இந்த செட் 1950க்குப் பிந்தைய சினிமா உடம்பை மனதில் வைத்துக் கட்டப்பட்டது. இறுகிய இடை, தூக்கிய மார்பு, திறந்த முதுகு, முழங்கைக்கு வெகு மேலே நிற்கும் கை. 1910களிலும் 20களிலும் ஸ்திரீபார்ட் கட்டியவர்கள் இப்படி நிற்கவில்லை. அவர்கள் வேஷத்தில் பாதி வேலையை அன்றைய புடவையும் ரவிக்கையுமே செய்து கொடுத்தன. ஆணின் உடம்பில் எவையெல்லாம் காட்டிக்கொடுக்குமோ, அவையெல்லாம் அன்றைய உடையில் இயல்பாகவே மறைந்திருந்தன. அந்த உடையை எடுத்துவிட்டு, அதற்குப் பதில் நுரையையும் பெயிண்டையும் திணித்தால் வேஷம் பல்லிளிக்கத்தான் செய்யும். பார்ப்பவர் சிரிக்கிறார், நடிகரும் சிரிப்பு வருகிறதே என்று அதையே பிடித்துக்கொள்கிறார். சாவித்திரி யமனோடு வாதாடும் காட்சி இந்தச் சிரிப்பில் செத்துப்போகிறது.

அந்தக் கலைஞர்கள் சிரிப்பு மூட்ட நின்றவர்கள் இல்லை என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் அவர் நாயகனாக நடிக்க, நாயகியாக நின்றவர் ரங்கவடிவேலு, தொழிலால் வழக்கறிஞர். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே எல்லாப் பெண் பாத்திரங்களையும் தாங்கினார்கள். அங்கே சிறுவனாகச் சேர்ந்த தி.க. சண்முகம் பின்னாளில் ஔவைக் கிழவியாக நடித்து, அந்தப் பெயரையே தன் பெயருக்கு முன்னால் பெற்றார். மராத்தி மேடையில் பால கந்தர்வர், குஜராத்தி மேடையில் ஜெய்சங்கர் சுந்தரி, தெலுங்கில் ஸ்தானம் நரசிம்ம ராவ். மூவருக்குமே பின்னாளில் பத்ம விருது கிடைத்தது. சுந்தரியும் பால கந்தர்வரும் மேடையில் கட்டிய புடவைக்கட்டைப் பம்பாய்ப் பெண்கள் வீட்டில் கட்டிப் பார்த்தார்கள். அதாவது அன்றைய ஃபேஷன் மேடையிலிருந்து வீட்டுக்குப் போனது. அப்படிப்பட்ட ஒரு மரபுக்கு இந்த நுரை மார்க்கச்சு மரியாதை செய்யவில்லை.

இனி மூட்டையை ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

புடவை. செட்டில் வருவது ஆறு கஜம், சுமார் 5.5 மீட்டர், பெரும்பாலும் செயற்கைப் பட்டு. இதில் இரண்டு கோளாறுகள். முதலாவது துணி. செயற்கைப் பட்டு மடிப்பில் விறைத்து நிற்கும்; உட்கார்ந்து எழுந்தால் கொசுவம் விசிறிபோல் பிரியும்; விளக்கு பட்டால் எண்ணெய்த் தாள்போல் பளபளக்கும். பருத்தியோ நல்ல பட்டோ கேளுங்கள். சாயம் மங்கிய பழைய கண்டாங்கி கிடைத்தால் விடாதீர்கள். வள்ளிக்கும் நல்லதங்காளுக்கும் அதைவிடப் பொருத்தமான துணி இல்லை.

இரண்டாவது நீளம். இதுதான் முக்கியம். எட்டு, ஒன்பது கஜம் கட்டும்போது கூடுதலாக வரும் இரண்டு, மூன்று மீட்டர் துணி முழுக்க இடுப்பைச் சுற்றியும் கொசுவத்திலும்தான் சேர்கிறது. பின்கொசுவம் வைத்துக் கட்டினால் பின்புறம் தானாகவே திரட்சி பெறும். இடுப்பில் இரண்டு சுற்று விழுவதால் பக்கவாட்டிலும் சதை சேர்ந்ததுபோல் தெரியும். ஆணின் உடம்பில் இல்லாத அகலத்தைத் துணியே கொடுத்துவிடுகிறது. ஆறு கஜத்தில் கொசுவம் முன்னால் நடுவில் மட்டும் வருவதால் பக்கவாட்டில் எதுவும் கூடாது. அந்தக் குறையை நிரப்பத்தான் கடைக்காரர் நுரைத் துண்டு கொடுக்கிறார். ஒன்பது கஜம் கட்டினால் அந்த நுரையில் முக்கால்வாசிக்கு வேலையே இல்லை.

பின்கொசுவம் மேடைக்கு நிற்க வேண்டுமானால் இப்படிக் கட்டுங்கள். உள்ளே பாவாடை வேண்டாம்; முழங்கால் வரை வரும் இறுக்கமான பருத்திக் கால்சட்டை போதும். அதன் மேல், இடுப்பெலும்புக்கு 4 விரல் மேலே, 2 செ.மீ. அகலமுள்ள நாடாவை முடிச்சிட்டுக் கட்டுங்கள். புடவையின் ஒரு முனையைப் பின்னால் பிடித்து, 10 செ.மீ. அகல மடிப்பாக ஏழெட்டுக் கொசுவம் எடுத்து, நாடாவுக்குள் செருகி, மேலே விசிறிபோல 5 செ.மீ. வெளியே விடுங்கள். மீதித் துணியை வலமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, இன்னொரு சுற்று சுற்றி, மார்பின் குறுக்கே தோளுக்கு ஏற்றி, முந்தானையை மறுபடி இடுப்பில் செருகுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இன்னொரு நாடாவை மேலே கட்டி, அதை ஒட்டியாணத்தால் மறையுங்கள். ஊக்கு நான்கு போதும்: கொசுவத்தில் இரண்டு, தோளில் ஒன்று, இடுப்பில் முந்தானை செருகும் இடத்தில் ஒன்று. அதற்கு மேல் குத்தினால் அசையும்போது துணி இழுத்து, குத்திய இடம் குழியாகத் தெரியும்.

உயரமான நடிகருக்கு ஒரு சிக்கல் வரும். புடவையின் அகலம் சுமார் 115 செ.மீ.; செருகுவதில் 8 செ.மீ. போய்விடும். 175 செ.மீ.க்கு மேல் உயரமுள்ளவர் உண்மையான இடையில் கட்டினால் கணுக்கால் வெளியே தெரியும். உடனே புடவையை இறக்கிக் கட்டிவிடுகிறார்கள். அங்கேதான் வேஷம் கெடுகிறது: இடை கீழே இறங்கினால் கால் குட்டையாகி, உடல்வாகு ஆணுடையதாகவே நிற்கும். செருகும் ஓரத்தில் 10 செ.மீ. அகல பருத்திப் பட்டி ஒன்றை நீளத்துக்கும் தைத்துவிடுங்கள். அது உள்ளே போய்விடும், யாருக்கும் தெரியாது. வாடகைப் புடவையாக இருந்தால் தளர்ந்த தையலாகப் போட்டு, திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துவிடலாம்.

ரவிக்கை. இது அடியோடு தவறு. குட்டைக் கையும் அகலக் கழுத்தும் ஆணின் தோள்பட்டையையும் புஜத்தையும் படம் போட்டுக் காட்டுகின்றன. 1900களிலும் 1910களிலும் வசதியான வீட்டுப் பெண்கள் அணிந்த ரவிக்கை, அன்றைய ஆங்கிலேயப் பெண்களின் மேலாடையைப் பார்த்து வந்தது. உயர்ந்த கழுத்து, முழங்கை வரையோ அதற்குக் கீழோ வரும் கை, தோளில் லேசான பஃப், ஓரத்தில் லேஸ். ரவி வர்மாவின் அச்சகத்திலிருந்து 1894க்குப் பிறகு வீடு வீடாகப் போன படங்களும், பார்ஸி நாடகக் கம்பெனிகளும் மேடை உடையின் போக்கை மாற்றிய காலம் அது. ஸ்திரீபார்ட் கலைஞருக்கு இந்த ரவிக்கை ஒரு வரம். குரல்வளை மேடு, புஜத்தின் தசை, மார்பின் மேல்பகுதி மூன்றும் ஒரே துணியில் மறைந்துவிடுகின்றன.

தையல்காரரிடம் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைத் திட்டவட்டமாகச் சொல்லுங்கள். ஒன்று, தோள் தையல் தோளின் முனையில் விழக்கூடாது, 2 செ.மீ. உள்ளே, கழுத்துப் பக்கம் நகர வேண்டும். பஃப் அங்கிருந்து தொடங்கித் தோள் முனையின் மேல் படர்ந்தால் தோள் குறுகித் தெரியும். தோள் முனையிலேயே பஃப் வைத்தால் ஏற்கெனவே அகலமான தோள் இன்னும் 5 செ.மீ. அகலும், மல்யுத்த வீரருக்கு ரவிக்கை போட்டதுபோல் ஆகிவிடும். இரண்டு, அக்குளில் சதுரமாக ஒரு துண்டு, 7 செ.மீ.க்கு 7 செ.மீ., வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். நடிகர் கையை உயர்த்தும் தருணத்தில் கிழிவது அந்த இடம்தான். ஆலோலம் பாடிப் பறவை விரட்டும் வள்ளிக்கு அது இல்லாமல் முடியாது. மூன்று, கொக்கி முன்னால் வேண்டும். பின்னால் வைத்தால் அவசரமாக மாற்ற இன்னொருவர் தேவைப்படுவார். மார்பளவு 96 செ.மீ. உள்ளவருக்கு, 90 செ.மீ. அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் எடுத்தால் தாராளமாக வரும்.

இங்கே காலக் கணக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1920களின் பின்பகுதியிலிருந்து கை சுருங்குகிறது, கழுத்து இறங்குகிறது, மெல்லிய ஜார்ஜெட்டும் ஷிஃபானும் நகரப் பெண்களிடையே பரவுகின்றன. உடம்பை மறைத்த துணி உடம்பைக் காட்டும் துணியாக மாறுகிறது. பெண்கள் மேடையிலும் பேசும் படத்திலும் நிலைபெற்றதும் இதே ஆண்டுகளில்தான். 1913இல் பால்கே எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் தாராமதியாக நடித்தவர் சாலுங்கே என்ற ஆண். 1935இல் ‘நந்தனார்’ ஆக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள் என்ற பெண். 22 ஆண்டுக்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஆகவே உங்கள் நாடகம் எந்த ஆண்டில் நடப்பதாக வைக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். 1912 என்றால் உயர்ந்த கழுத்து ரவிக்கையும் நீளப் புடவையும், வேலை சுலபம். 1934 என்றால் அரைக்கையும் ஆறு கஜமும். அப்போது மட்டும்தான் நுரை பற்றிய பேச்சே வர வேண்டும்.

அந்தப் பேச்சுக்கு வருவோம். செட்டில் உள்ள இடுப்பு நுரை 4 செ.மீ. தடிமன், ஓரம் நறுக்கென்று வெட்டப்பட்டது. விளக்கு பக்கவாட்டிலிருந்து விழுந்தால் அந்த ஓரம் புடவைக்கு மேல் கோடாகத் தெரியும். வேர்வையை உறிஞ்சாது, இரண்டு மணி நேரத்தில் உள்ளே கொப்பளித்துவிடும். நழுவினால் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.

இதற்குப் பதில் பருத்திப் பஞ்சை அடுக்கித் தைத்த மெத்தை செய்துகொள்ளலாம். மேலே சொன்ன அதே கால்சட்டையில், இடையிலிருந்து 18 முதல் 20 செ.மீ. கீழே மையம் வரும்படி, பக்கத்துக்கு ஒன்றாக முட்டை வடிவத்தில் தையுங்கள். நடுவில் 2.5 செ.மீ. தடிமன், ஓரத்தை நோக்கி மெலிந்து மெலிந்து பூஜ்யமாக வேண்டும். மூன்று அடுக்குப் பஞ்சை, ஒன்றைவிட ஒன்று 2 செ.மீ. சிறிதாக வெட்டி அடுக்கினால் அந்தச் சரிவு தானே வரும். இடுப்புச் சுற்றளவு இதில் 8 முதல் 10 செ.மீ. கூடும். சராசரி உடம்புக்கு அது போதும். இதற்கு மேல் வைத்தால் நடையில் மெத்தை மட்டும் தனியாக ஆடும். கச்சம் வைத்துக் கட்டுவதானால் பக்க மெத்தையே வேண்டாம்; துணி தொடைகளுக்கு நடுவே இழுபடும்போது மெத்தையின் விளிம்பை அப்படியே அச்செடுத்துக் காட்டிவிடும்.

மார்க்கச்சு விஷயத்தில் குறைவே நிறைவு. நுரைக்கு எடை இல்லை, அதனால் அசைவும் இல்லை, பொம்மைபோல் நிற்கும். மெல்லிய பருத்திப் பையில் 150 கிராம் கேழ்வரகைப் போட்டு, ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும் கொடுத்து, பக்கத்துக்கு ஒன்றாக உள் ரவிக்கையில் தைத்துவிட்டால் எடையும் சரிவும் இயல்பாக வரும். ஐந்தாறு காட்சிக்கு ஒருமுறை தானியத்தை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேர்வை ஊறி நாறும். பையை ரவிக்கைக்குள் தளர்வாகச் செருகாதீர்கள். குனிந்து வணங்கும்போது வெளியே வந்து விழும்.

தலைமுடியில் செட் இரண்டு வாய்ப்பு தருகிறது: சவுரி, முழு விக். அக்காலத்தில் ஸ்திரீபார்ட்டுகள் பலர் சொந்த முடியை வளர்த்து அதில்தான் சவுரி சேர்த்தார்கள். ஆண்கள் குடுமி வைத்திருந்த சமூகத்தில் நீண்ட முடி விசித்திரமாகவும் இல்லை. இன்றைய நடிகருக்கு 10 செ.மீ. முடியாவது இருந்தால் சவுரி பிடிக்கும். பின்தலையில் ரப்பர் போட்டுச் சின்ன முடிச்சாக்கி, அதைச் சுற்றிச் சவுரியின் கயிற்றை இரண்டு முறை சுற்றிக் கட்டி, யூ வடிவ ஊசியை எதிரெதிர்த் திசையில் நான்கு குத்தினால் நிற்கும். முடி அதைவிடக் குறைவு என்றால் முழு விக்குக்குப் போய்விடுங்கள்.

செட்டில் வரும் விக்கின் பெரிய குறை, நெற்றிக்கோடு நேராக வெட்டினாற்போல் இருப்பது. இதை மூடப் பழைய வழி ஒன்று கைவசம் இருக்கிறது. நடுவகிடு எடுத்து, நெற்றிச்சுட்டியின் இரண்டு பக்கச் சங்கிலிகளும் சரியாக விக்கின் ஓரத்தின் மேல் உட்காரும்படி பொருத்துங்கள். காதோரம் நான்கைந்து இழைகளை மட்டும் முன்னால் இழுத்து, எண்ணெய் தொட்டு கன்னத்தில் படிய வைத்தால் மீதிக் கோடும் மறையும். நைலான் பளபளப்பைக் குறைக்க, விக்கின் மேல் முகப்பவுடரைத் தூவி மென்மையாகச் சீவினால் போதும்.

ஜடைநாகம் (பின்னலின் மேல் நீளமாக மாட்டும் நகை) வைப்பவர்கள் கவனிக்க: அதன் எடை முழுதும் விக்கின் பின்பக்கத்தைக் கீழே இழுக்கும், நெற்றிப் பக்கம் மெல்ல ஏறத் தொடங்கும். பாடகர் தலையை ஆட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு மில்லிமீட்டர். விக்குக்கு அடியில் 3 செ.மீ. அகல பருத்திப் பட்டியைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, ஜடைநாகத்தின் முதல் கொக்கியை விக்கில் மாட்டாமல், விக்கைத் துளைத்து அந்தப் பட்டியில் மாட்டுங்கள்.

கோவலன் நாடகம் போடுபவர்கள் கண்ணகியின் விரிந்த கூந்தலையும் யோசித்தாக வேண்டும். பின்னிய விக்கை மேடையில் ஒரே இழுப்பில் அவிழ்க்க முடியாது. பின்னலை ரப்பரால் முடிக்காமல், ஒரே நூலை அடியிலிருந்து மேல்வரை தளர்ந்த சுற்றாக ஓட்டி, அதன் முனையை மட்டும் தோள் பக்கம் விட்டுவிட்டால், நூலை உருவியதும் கூந்தல் தானே பிரியும். ஒத்திகையில் இருபது தடவையாவது உருவிப் பார்க்காமல் மேடையில் செய்யாதீர்கள்.

நகைதான் இந்த செட்டின் பலம். கெம்புக்கல் பதித்த அட்டிகை, புஜத்தில் அணியும் வங்கி, ஒட்டியாணம், ராக்கொடி எல்லாம் கோவில் நகை அச்சில் வருவதால் காலத்துக்கு ஒத்துப்போகும். வட இந்தியக் குந்தன் செட்டைக் கலந்து கொடுத்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழுத்தை ஒட்டி நிற்கும் அட்டிகை, உயர்ந்த கழுத்து ரவிக்கை இல்லாத காட்சிகளில் குரல்வளை மேட்டை மறைக்கும். வங்கி புஜத்தின் அகலமான இடத்தில் அல்லாமல் அதற்கு 3 செ.மீ. கீழே, கை மெலியத் தொடங்கும் இடத்தில் உட்கார வேண்டும். காது குத்தாதவருக்குக் கிளிப் ஜிமிக்கி கொடுப்பார்கள். எடை தாங்காமல் அரை மணியில் காது சிவந்து வலிக்கும். ஜிமிக்கியிலிருந்து முடிக்குப் போகும் சங்கிலி, மாட்டல் இருக்கிறதே, அது அழகுக்கு மட்டும் இல்லை. அதன் மறுமுனையை விக்கில் இறுக்கமாகக் கொக்கி போட்டால் ஜிமிக்கியின் எடையை அது வாங்கிக்கொள்ளும். வளையல் மட்டும் செட்டில் 2.4 அல்லது 2.6 அளவில்தான் இருக்கும். ஆண் கைக்கு 2.8 அல்லது 2.10 வேண்டும், அதாவது உள்விட்டம் சுமார் 63 முதல் 67 மி.மீ. சண்டையோ கதறலோ உள்ள காட்சியில் கண்ணாடி வளையல் கூடாது.

மேக்கப் பெட்டியைத் திறந்தவுடன் மூடிவிடலாம். ஒரே ஒரு வெளிர் ரோஸ் கிரீம், ஒரு சிவப்பு, ஒரு கறுப்புப் பென்சில், யார் யாரோ தொட்ட பஞ்சு. மாநிறத் தோலில் அந்த ரோஸ் பத்து நிமிடத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஆகும். காஸ் லைட்டின் மங்கலான வெளிச்சத்தில், கொட்டகையின் கடைசி வரிசை வரை முகம் தெரிய வேண்டியிருந்ததால் அன்று அடர்த்தியாகப் பூசினார்கள். இன்றைய எல்இடி விளக்கின் கீழ் அதே அடர்த்தி முகமூடியாகத் தெரியும்.

‘அசலாக இருக்கட்டும்’ என்று அரிதாரத்தையும் சாதிலிங்கத்தையும் நாட்டு மருந்துக் கடையில் தேடுபவர்கள் உண்டு. வேண்டாம். அரிதாரம் ஆர்சனிக் சேர்ந்தது, சாதிலிங்கம் பாதரசம் சேர்ந்தது. இரண்டும் உதட்டுக்கும் கண்ணுக்கும் அருகே போகவே கூடாது. அந்த மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இரும்பு ஆக்சைடு சேர்ந்த மேடை வண்ணங்கள் அப்படியே கிடைக்கின்றன. வெள்ளைக்குத் துத்தநாக ஆக்சைடு உள்ளது போதும்.

பூசும் வரிசை: காட்சிக்கு 2 மணி நேரம் முன்பு சவரம். உடனே பூசினால் எரிந்து சிவக்கும். முகம் கழுவித் துடைத்த பின், தாடி வளரும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு சாயலுள்ள கிரீமை விரலால் தட்டித் தட்டி வையுங்கள், தேய்க்கக் கூடாது. கறுத்த தோலுக்குச் செங்கல் நிறம் பொருந்தும். மயிர்க்காலின் நீலச்சாம்பல் நிறத்தை அடக்குவது இதுதான். இதன்மேல் பவுடர் போட்டு இரண்டு நிமிடம் விட்டு, பிறகே முக வண்ணம். பவுடர் போடாமல் பூசினால் ஆரஞ்சு மேலே கலந்து, தாடைப் பக்கம் மட்டும் காமாலை கண்டதுபோல் தெரியும். முக வண்ணம் சொந்த நிறத்தைவிட ஒரு படி, மிஞ்சினால் இரண்டு படி வெளிறியதாக, மஞ்சள் சாயலோடு இருக்கட்டும். காது, பிடரி, புறங்கை, ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவே தெரியும் வயிறு எல்லாவற்றுக்கும் அதே வண்ணம் வேண்டும். மறந்துபோவது பெரும்பாலும் காது.

புருவத்தைச் சோப்பு தொட்ட பிரஷ்ஷால் மேல்நோக்கிச் சீவி, கீழ்ப்பகுதியை மட்டும் முக வண்ணத்தால் மூடி வளைவு கொடுங்கள். முழுப் புருவத்தையும் அழித்து நெற்றியில் வரைவது இக்கால டிராக் முறை. அதற்கான இடத்தில் அது அழகுதான்; 1915இன் பவளக்கொடிக்கு ஒட்டாது. கலைக்க 10 மி.லி. தேங்காயெண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும்.

பெண்கள் கட்டும் ராஜபார்ட்டுக்கென்று (ஆண் நாயக வேஷத்துக்கென்று) தனி செட் எந்தக் கடையிலும் இல்லை. ஆண் அளவுக் கோட்டையே தூக்கிக் கொடுக்கிறார்கள். கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திய ஊர் நம்முடையது. அதற்கென்று தோள் குறுக்கித் தைத்த செட் ஒன்றாவது இருக்க வேண்டாமா?

ஒத்திகையில் யாரும் சோதிக்காத ஒன்று, மூச்சு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி ஆள் வரை கேட்க, நாலரை, ஐந்து கட்டையில் பாடினார்கள். ஐந்து கட்டை என்றால் ஹார்மோனியத்தில் ஜி. மகரக்கட்டு உடைந்த, அதாவது பருவ வயதில் குரல் மாறிய சிறுவனுக்குப் பெண் வேஷம் கைநழுவிப் போனதற்கு இந்தச் சுருதியே முக்கியக் காரணம். வயது வந்த ஆண் குரலில் பாடுபவர் சுருதியை இறக்கிக்கொள்வதில் குறைவில்லை. ஆனால் மார்க்கச்சும் ஒட்டியாணமும் கட்டிய பிறகு, மூச்சை முழுதாக இழுத்து, மேல் ஷட்ஜத்தை எட்டு எண்ணும் வரை பிடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் மார்க்கச்சை ஒரு கொக்கி தளர்த்துங்கள். ஒட்டியாணத்தை விலாவிலிருந்து 3 செ.மீ. இறக்குங்கள். இடை சற்றுப் பெருத்துத் தெரிந்தால் தெரியட்டும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: நடிகரின் மார்பு, இடை, இடுப்புச் சுற்றளவு, தோள் முனைக்குத் தோள் முனை, இடையிலிருந்து தரை வரை, புஜத்தின் சுற்றளவு, விரல்களைக் குவித்தால் கையின் சுற்றளவு, தலைச் சுற்றளவு. ஒத்திகைக்கு ஒரு நாள், காட்சிக்கு ஒரு நாள் என்று வாடகையைச் சேர்த்தே பேசுங்கள். காட்சியன்று முதல்முறை கட்டிப் பார்ப்பது விபரீதம். விக்கை வெயிலில் காயவைத்துச் சீவி வாங்குங்கள். அட்டிகையிலும் ஒட்டியாணத்திலும் ஏற்கெனவே உதிர்ந்த கல் எத்தனை என்று கடைக்காரர் முன்பே எண்ணி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது முன்பணத்தில் கை வைப்பது அந்த உதிர்ந்த கற்களைக் காட்டித்தான்.